ஏழாம் வசனம்

பதினோரு வாரம் ஒரு பெண்ணின் பல்லை உடைக்கும்படி கடவுளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் குளித்துவிட்டு, வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். அதற்குத் தியானம் என்று பெயர் வைத்திருந்தேன்.

என் மகளுக்கு அப்போது இருபது வயது. ஆசிரியைப் பயிற்சி முடித்து, ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். பொன்மலை ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த ஒருவருக்கு அவளைப் பேசி முடித்திருந்தோம். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் சொல்லலாம் என்று எல்லார் முன்னாலும் கேட்பார்கள். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஞாயிறு, அறிவிப்புகள் முடிந்து பாட்டு எண்ணையும் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஓலை வரவில்லை. ஆராதனைக்கு முன்பே மாப்பிள்ளையின் தகப்பனார் வந்து நிறுத்தச் சொல்லிவிட்டார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. என் மகள் என் பக்கத்தில் நின்று அந்தப் பாட்டைக் கடைசி அடி வரை பாடினாள். எனக்கு வாய் திறக்கவில்லை.

பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்று மாப்பிள்ளையின் தாயாரிடம் சொன்னது எங்களுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருகிறவள். அவளும் எங்கள் பெண்கள் கூட்டத்தைச் சேர்ந்தவள்தான். அவள் சொன்னது முழுப் பொய் இல்லை என்பதுதான் என்னை இன்னும் எரிக்கிறது. என் மகளுக்கு நாலு வயதில் காய்ச்சல் முற்றி ஒரே ஒரு தடவை வலிப்பு வந்தது. பிறகு வரவில்லை. ஆனால் பதினாறு வருஷம் அவள் தூங்கும்போதெல்லாம் மூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் நான். கூட்டத்தில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கிற வழக்கம் உண்டு. ஒரு நாள் எனக்கு ஜோடியாக அவள் வாய்த்தாள். பிள்ளைப்பேற்றின்போது அது திரும்பி வந்துவிடுமோ என்ற பயத்தை அவளிடம் ஜெபக்குறிப்பாகச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, எனக்காக அழுதாள். அந்தக் கண்ணீரைத் துடைத்த கையோடு போய்ச் சொல்லியிருக்கிறாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. குருவானவரின் மனைவியை நாங்கள் ஐயரம்மா என்போம். அவர் வீட்டுக்கு வந்து, கெட்ட நினைவைக் கையால் தள்ள முடியாது, அது உட்காருகிற இடத்தில் ஒரு வசனத்தை உட்கார வை என்றார். காலையில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அரைக்கும்போதும் துவைக்கும்போதும் மாடு அசைபோடுவதைப் போல அதையே மென்றுகொண்டிரு என்றார். எந்த வசனம் என்று அவர் சொல்லவில்லை. அல்லது சொல்லியும் நான் கேட்கவில்லை.

வேதப்புத்தகத்துச் சங்கீதப் பாட்டுகளில் எதிரியைச் சபிக்கிறவை உண்டு. பிரசங்கத்தில் அவற்றை அதிகம் எடுக்கமாட்டார்கள். நான் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தேன். பல்லை உடைக்கச் சொல்வது ஒன்று. வெயிலில் நத்தை கரைவதுபோல் கரையச் சொல்வது ஒன்று. உளுந்து அரைக்கையில் குழவியின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வார்த்தை. ஐயரம்மா சொன்னபடியே பலித்தது. பசித்தது. தூக்கம் வந்தது. முகம் தெளிந்திருக்கிறது என்று அவரே சொன்னார்.

பிறகு கூட்டம் எங்கள் வீட்டில் கூடும் முறை வந்தது. யார் வீடோ அவர்தான் சங்கீதம் தெரிந்தெடுப்பார். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் வாசிப்போம். நான் சாபத்திலேயே கொடிய சங்கீதத்தை எடுத்தேன். அதன் ஏழாம் வசனம், எதிரி செய்கிற ஜெபமே அவனுக்குப் பாவமாகட்டும் என்று கேட்கிறது. என்னோடு சேர்த்து ஏழு பேர். முதல் வசனம் எனக்கு. அவள் எப்போதும் கடைசியாக வந்து வாசற்படி ஓரம் உட்காருவாள். பாயை விரித்துவிட்டு இரண்டு தடவை எண்ணினேன். அவள் வாயாலேயே அதை அவள் வாசிக்க வேண்டும். எல்லாரும் கேட்க வேண்டும்.

கூட்டம் தொடங்குகிற நேரத்தில், அந்த ஞாயிற்றுக்குப் பிறகு யார் முகத்தையும் பார்க்க வராத என் மகள் உள்ளேயிருந்து வந்தாள். நான் கை காட்டுவதற்குள் வாசற்படி ஓரம் இருந்த அந்தப் பெண் நகர்ந்து, வாசிக்கும் வரிசையில் தனக்கு முன்னால் இடம் விட்டாள்.

"வாம்மா, இங்க உக்காரு. உன்னைப் பார்த்து எத்தனை நாளாச்சு."

என் மகள் உட்கார்ந்தாள். வாசிப்பு சுற்றி வந்தது. ஏழாம் வசனத்தை என் மகள் வாசித்தாள், வகுப்பில் வாசிக்கிற தெளிவான குரலில். எட்டாவது அந்தப் பெண்ணுக்கு. அவள் புத்தகத்தை என் மகள் பக்கம் தள்ளினாள்.

"கண்ணாடிய வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன். என்னோடதையும் நீயே வாசிச்சிடும்மா."

அவன் வாழ்நாள் குறுகிப்போகட்டும் என்பது எட்டாம் வசனம். அதையும் என் மகள் வாசித்தாள். நாலு வயதில் என் மடியில் விறைத்துக் கிடந்தவள், அந்தச் சாபத்தைத் தன் வாயால் சொன்னாள். ஒன்பதாவது என்னிடம் வந்தது. பிள்ளைகள் தகப்பனை இழக்கட்டும், மனைவி விதவையாகட்டும் என்கிறது அது. எழுத்துகள் தெரிந்தன, குரல் வரவில்லை.

"என்னக்கா, நின்னுட்டீங்க? நீங்க எடுத்த சங்கீதம்தானே, வாசிங்க" என்றாள் அவள்.

வாசித்தேன். அவளுக்குப் புரிந்துதான் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எல்லாரும் போன பிறகு என் மகள் பாயைச் சுருட்டினாள். என் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள்.

"ஏழாவதுக்கு நேரா பென்சில் புள்ளி இருக்கே. அது அவங்களுக்கு வச்சதாம்மா?"

ஆமாம் என்றேன்.

"இத்தனை நாளா காலையில உக்காந்து இதைத்தான் படிச்சியா?"

"உனக்காகத்தான்டி."

"இதுல நான் எங்கம்மா இருக்கேன்?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவளுக்காக ஜெபிக்க உட்கார்ந்தேன். கண்ணை மூடினால் வார்த்தை இல்லை. பதினோரு வாரத்தில் அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவைகூட நான் யோசித்திருக்கவில்லை. எழுந்து போய், பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவளிடமே கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வர வேண்டும், நம் பெஞ்சிலேயே உட்கார வேண்டும், முன்னால் உட்காருகிற அவர்களை நீ ஒரு தடவைகூட ஏறிட்டுப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் என்றாள்.

போனோம். அவள் பாடினாள். இரண்டு பெஞ்சு முன்னால் அந்தப் பெண்ணின் கொண்டை இருந்தது. நான் பீடத்துச் சிலுவையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். பிரசங்கத்தில் ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை. வீடு திரும்பும்போது கழுத்து வலித்தது.