ஜெசியின் மெயிலைப் படித்த இரண்டு வாரம்

ஈரத் துணியில் ஸ்டீம் அயர்ன் படும் வாசம்... திருப்பூரில் என் முதல் வேலை அந்த வாசத்தோடுதான் நினைவுக்கு வருகிறது. ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி. மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதன் ஃபேன் முழுக்கப் பஞ்சுத் தூசி அப்பியிருக்கும்.

அப்போது பையர்களோடு பேசி ஆர்டர்களைக் கவனித்துவந்த எங்கள் சீனியர் மெர்சண்டைசர் போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டார். பையர் எழுதும் பொது முகவரிக்கு வரும் மெயில் யார் யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் அலியாஸ் பட்டியலில் அவருடைய சொந்த மெயில் முகவரியும் இருந்தது. அன்றைக்கே அந்த வரியை அழித்தேன்.

ஆனாலும் நாங்கள் சாம்பிள் அனுப்பும் முன்பே அதே டிசைன் அந்தக் கம்பெனியிலிருந்து பையருக்குப் போய்ச் சேர்ந்தது. ஒருமுறை அல்ல... மூன்று முறை.

"ஏனுங்க தம்பி, உள்ளுக்குள்ள இருந்துதான் யாரோ சொல்றாங்க. அந்த ஜெசிப் புள்ள மேல ஒரு கண்ணு வைங்க" என்றார் மேனேஜர்.

ஜெசி தூத்துக்குடிப் பக்கம். போனவருக்கு அசிஸ்டெண்டாக இருந்தவள். எனக்கும் அவள் மேல்தான் சந்தேகம். அவள் போனில் மெதுவாகப் பேசினால்கூட உறுத்தியது. இரண்டு வாரம் அவள் மெயில் எல்லாவற்றையும் படித்தேன்.

ஒன்றும் கிடைக்கவில்லை.

கடைசியில் எந்த மெயில் யாருக்குப் போனது என்று சர்வர் எழுதிவைக்கும் லாகில் தேடியபோதுதான் தெரிந்தது, போனவரின் முகவரிக்கு மெயில் இன்னமும் போய்க்கொண்டிருந்தது! பக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை வரி... டேபிள் பழசு, பட்டியல்தான் புதுசு என்று.

நான் திருத்தியது வெறும் டெக்ஸ்ட் ஃபைல். சர்வர் படிப்பது அதிலிருந்து தயாராகும் டேபிளை. டேபிள் மாறினால் சர்வர் தானாகவே கண்டுகொள்ளும். ஆனால் டேபிளைப் புதுப்பிக்க ஒரு கமாண்ட் கொடுக்க வேண்டும். அதை நான் கொடுக்கவே இல்லை. இப்போது கொடுத்தேன். அடுத்த மெயிலிலிருந்தே அவருக்குப் போவது நின்றது.

மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். "செரி உடுங்க, நீங்க மெயில் படிச்சது அந்தப் புள்ளைக்குத் தெரியாதுங்களே" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஜெசியிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்போ எங்க அக்காவுக்கு நான் எழுதுனதையும் படிச்சீங்களா?"

படித்திருந்தேன். தன் கல்யாணம் நின்றுபோனதைப் பற்றி ஜெசி எழுதியிருந்ததையும்.

இப்போது நான் பார்க்கும் சர்வர்களில் அலியாஸ் எல்லாம் டேட்டாபேஸில். ஒரு பெயரை எடுத்தால் அடுத்த மெயிலிலேயே தெரிந்துவிடும். எங்காவது விஷயம் கசிந்தால் முதலில் என் வேலையைத்தான் சந்தேகப்படுகிறேன்.

ஜெசி அதன்பின் ஒரு வருஷம் அங்கேதான் இருந்தாள். எந்த வேலையானாலும் மெயில் போடாமல், அவள் சீட் இருந்த மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வந்து என்னிடம் நேரில்தான் சொல்வாள். கம்பெனி மெயிலில் அக்காவுக்கு ஒரு வரிகூட அவள் அப்புறம் எழுதவில்லை என்று அவள் பக்கத்து சீட்டில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அது உண்மையா என்று அவள் மெயிலைத் திறந்து நான் பார்க்கவில்லை.