கையுறையோடு அமுக்க ஒரு பொத்தான்

டாரிங்காவும் நானும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு மலை ஏறத் தொடங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. அவள் யெசெனிட்சே ரயில் நிலையத்தில் சிக்னல் அறையில் வேலை பார்க்கிறாள். நான் பள்ளிக்கூடச் சமையல்கட்டில். பாறையில் அவளைப் போல நம்பகமான ஆள் கிடையாது. கடையில் அவளைப் போலத் தொல்லை பிடித்த ஆளும் கிடையாது. இதை அவள் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

கேமரா விவகாரம் எங்கள் மலையேற்றக் கழகத் தலைவர் ராய்முண்டால் ஆரம்பித்தது. மலையின் செங்குத்தான வடக்குச் சுவரின் இடப்பக்கம் மேல்நோக்கி ஓடும் ஒரு பனிப்பிளவு உண்டு. கழகத்தில் யாரும் குளிர்காலத்தில் அதில் ஏறியதில்லை. நாங்கள் இருவரும் ஏறி முடித்துவிட்டு வந்து கூட்டத்தில் சொன்னோம். ராய்முண்ட் தாடியைத் தடவினார்.

"படம் இருக்கா?"

"பாதி வழியிலேயே போன் குளிர்ல அணைஞ்சு போச்சு" என்றாள் டாரிங்கா.

"அப்ப எப்படிம்மா கழக ஏட்டுல பதிவு பண்றது? மூடுபனியில பக்கத்துச் சரிவுல ஏறிட்டு இதுதான் அதுன்னு நெனச்சிருப்பீங்க."

தன் கூட்டாளிகள் வந்து சொன்னால் படமும் கேட்காமல் ஒன்றும் கேட்காமல் பதிவு செய்கிற மனிதர் இவர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காரில் உட்கார்ந்ததும் டாரிங்கா சொன்னாள்:

"அடுத்த பனிக்கு மறுபடி ஏறுறோம். நல்ல கேமராவோட."

சரி என்றேன். நான் சரி சொன்னது ஏறுவதற்கு. கேமரா தேடுவதற்கு அல்ல.

அவளிடம் பழைய பெரிய கேமரா ஒன்று இருந்தது. கழுத்தில் தொங்கி, எட்டி ஏறும்போதெல்லாம் பாறையில் மோதும். ஒருமுறை ஊசலாடி வந்து அவள் தாடையிலேயே இடித்தது. ஆகவே சின்னது வேண்டும். தோள்பட்டையில் மாட்டினால் ஏறுவதற்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது. குளிரில் உயிரை விடக் கூடாது. தடித்த கையுறையோடு இயக்க வரவேண்டும். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது.

கோடையில் க்ரான் நகரத்தில் சில்வோ என்பவரின் கேமரா கடைக்குப் போனோம். வெளியே ஜனங்கள் சட்டை நனைய வியர்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் பனிக் கையுறையைப் பையிலிருந்து எடுத்து மாட்டினாள். சில்வோ பார்த்தும் பார்க்காத மாதிரி ஒரு கேமராவை எடுத்து வைத்தார்.

"தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாது. கைதவறி விழுந்தாலும் உடையாது."

"நிழல்ல எடுத்தா எப்படி வரும்?"

"கொஞ்சம் புள்ளி புள்ளியா வரும். சென்சார் சின்னது பாருங்க."

"நாங்க ஏறப்போறது வடக்குச் சுவரு. அங்க நாள் பூரா நிழல்தான்."

அடுத்ததை எடுத்தார். படம் கண்ணாடி மாதிரி வருமாம். அவள் அதை இயக்கியதும் லென்ஸ் வெளியே நீண்டது.

"இது என்ன, மூக்கு நீளுது?"

"ஜூம்னா நீளத்தானேங்க செய்யும்."

"பனித்தூள் புகுந்தா திரும்ப மடங்காது. அப்புறம் மூக்க நீட்டிக்கிட்டே இறங்கி வரணுமா நான்?"

மூன்றாவதை அவர் கொஞ்சம் தயக்கத்தோடுதான் எடுத்தார். "இதுல திரைய விரலால தொட்டாலே போதும்."

"எந்த விரலால? கையுறைக்குள்ள இருக்கே, அதாலயா? சரி, உச்சிக்குப் போனதும் வெயில்ல பனி கண்ணக் கூசும்போது இந்தத் திரையில என்ன தெரியும்? கண்ண வெச்சுப் பாக்க ஓட்டை கெடையாதா?"

சில்வோ என் பக்கம் திரும்பினார். "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

"கூடக் கயிறு கட்டுறவ."

"ஐயோ பாவம்" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனை முறை அந்தக் கடைக்குப் போனோம் என்று கேட்காதீர்கள். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிளம்ஸ் பழம் வைத்த மாவு உருண்டை வேகவைக்கலாம் என்று உறைபெட்டியைத் திறந்தேன். உருண்டைகளுக்கு நடுவில் ஒரு கேமரா உட்கார்ந்திருந்தது. டாரிங்காவைப் போனில் கூப்பிட்டேன்.

"என்னடி இது?"

"என்கூட வேலை பாக்குறவரோடது. குளிர் தாங்குதான்னு பாக்குறேன். பேட்டரி எவ்வளவு மிச்சம் இருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

"உன் வீட்டுல உறைபெட்டி இல்லையா?"

"இருக்கு. காளான் நிறைஞ்சு கெடக்கு. நீதான் அன்னிக்குப் பால் வாங்க வெளிய போனியே, அப்ப வெச்சேன்."

"எனக்கு வேற ஆள் கிடைக்காமலா போயிடுவாங்க? நான் வேற யார்கூடயாவது ஏறிக்கிறேன், போ!"

"ஏறு, ஏறு. பேட்டரிய மட்டும் பாத்துச் சொல்லிடு."

பார்த்துச் சொன்னேன். செத்திருந்தது.

கடைசியில் சில்வோவே அவளைப் போனில் அழைத்தார். ஒருவர் பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்த பழைய மாடல் வந்திருக்கிறதாம். போய்ப் பார்த்தோம். ஜூம் இல்லை, லென்ஸ் நீளாது. படம் எடுக்கும் பொத்தான் கோட்டுப் பொத்தான் அளவுக்குப் பெரிதாக இருந்தது. கண் வைத்துப் பார்க்க ஓட்டையும் உண்டு. குளிருக்கு என்ன செய்வது என்றதற்கு, "அந்த விஷயத்துல எல்லாம் ஒண்ணுதாங்க. ரெண்டு பேட்டரிய உள்சட்டையில உடம்பு சூட்டுல வெச்சுக்கிட்டு மாத்தி மாத்திப் போடுங்க" என்றார். டாரிங்கா கையுறையோடு நாலைந்து படம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். சில்வோ அவளைவிட என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்.

பிப்ரவரியில் வானம் தெளிந்த ஒரு நாளில் ஏறினோம். பனி இறுகிப்போயிருந்தது, பனிக்கோடரியின் இரும்பு மூக்கு நன்றாகக் கடித்துப் பிடித்தது. ஏறுவது சுலபம். அவளோடு ஏறுவதுதான் கஷ்டம். நான் முன்னால் போகும்போது கீழே நின்று கயிற்றைப் பிடிக்க வேண்டியவள் கேமராவைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"கயித்தப் பிடிடி!"

"ஒரு கை கயித்துலதான் இருக்கு. கொஞ்சம் இடது பக்கம் திரும்பு."

"இடது பக்கமா? நான் ரெண்டு கோடரியில தொங்கிக்கிட்டு நிக்கிறேன்!"

"தெரியுது, அழகா இருக்கு. அசையாத."

அவள் முன்னால் போகும்போதும் இதே கதை. நிற்கிற இடத்திலெல்லாம் குனிந்து என்னைப் படம் எடுத்தாள். கால் விரல் மரத்துப்போய் நான் கத்திய கத்தலுக்கு எதிர்ச் சுவரிலிருந்து எதிரொலி வந்தது. எப்படியோ உச்சியைத் தொட்டோம். கேமரா ஒருமுறைகூட மக்கர் பண்ணவில்லை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் சுவரில் திரை கட்டிப் படங்களைப் போட்டோம். பிளவு, நீலப் பனிக்கட்டி, தூரத்து உச்சிகள், எல்லாம் பளிச்சென்று இருந்தன. வேறு சரிவு என்று யாராலும் வாய் திறக்க முடியாது. ராய்முண்ட் கடைசிவரை பார்த்தார். பிறகு தாடிக்குக் கை போனது.

"யோலாண்டா ஏறினது சரி" என்றார் என்னைக் காட்டி. "டாரிங்கா எங்க?"

உண்மைதான். அத்தனை படத்திலும் நான் மட்டுமே. கேமராவை அவள் ஒரு நொடிகூட என் கையில் தந்திருக்கவில்லை. அத்தனை மாதம் பட்ட பாட்டுக்கு இதுதான் பலன் என்று எனக்கு அவள் மேலும் ஆத்திரம், அவர் மேலும் ஆத்திரம். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனேன்.

"இந்தக் கயிறு தெரியுதா? என் இடுப்புலேர்ந்து கெளம்பி கேமரா பக்கமா வருது. மறுமுனை யார் இடுப்புல இருக்கு? உங்க மாமியார் இடுப்புலயா?"

பின்வரிசையில் ஒருவர் சிரிக்க, அறை முழுவதும் சிரித்தது. ராய்முண்டும் வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டு இரண்டு பேரையும் பதிவு செய்தார்.

"அப்ப போன பனிக்கு ஏறினது?" என்று கேட்டேன்.

"அதுக்குப் படம் இல்லையே."

வெளியே வந்ததும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். டாரிங்கா காரைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"விடு. அவரு பதிவு பண்ணலைன்னா நாம ஏறலைன்னு ஆயிடுமா?"

"அப்ப எதுக்குடி இந்தக் கேமரா? எதுக்கு என் உறைபெட்டி? எதுக்கு அந்தக் கடைக்காரர் உயிர வாங்கினது?"

துடைத்த துணியை உதறினாள். "படம் நல்லா வந்துச்சுல்ல?"

காரில் ஏறிக் கதவை ஓங்கிச் சாத்தினேன்.

பனி கரைந்தபின் வந்த முதல் சனிக்கிழமை, ஊருக்கு வெளியே உள்ள சின்னப் பாறைக்குப் போனோம். அவள் ஏறும் முன் கேமராவைத் தோளிலிருந்து கழற்றி என்னிடம் நீட்டினாள். எதை அமுக்கக் கூடாது என்று வெகுநேரம் பாடம் எடுத்தாள். நான் எடுத்தேன். இறங்கி வந்து பார்த்தவள் முகம் கோணியது.

"தலைய வெட்டிட்டியேடி!"

"மறுபடி ஏறு."

முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள்.