அன்றைக்குப் பாலம் பூட்டி

அந்த ஜனவரி மாதம் எனக்கு மூக்கில்தான் நினைவிருக்கிறது. காய்ந்தும் காயாத சப்பாத்தின் மணம், ஈரக் கம்பளியின் மணம், குளியலறை மூலையில் கறுப்பாகப் படர்ந்த பூஞ்சணத்தின் மணம். ஒரு மாதம் முழுக்க ஒரு புயல் விட்டால் அடுத்தது பிடித்தது. உடுப்புகளை வெளியே போட வழியில்லை. வீட்டுக்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டு, நானும் கணவரும் அவற்றுக்குக் கீழே குனிந்து குனிந்து நடந்தோம்.

டென்மார்க்கில் மழை மேலேயிருந்து விழுவதில்லை, பக்கத்திலிருந்து வந்து காதுக்குள் பூரும். எங்கள் ஊரான பிராண்டேயின் பஸ் தரிப்பிடக் குப்பைத் தொட்டியில் கம்பி முறிந்த குடைகள் தலைகீழாகக் கிடக்கும். அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். எத்தனை வருடமாக இந்த நாட்டில் இருக்கிறார்கள், இன்னும் குடை வாங்குகிறார்களே! தொலைக்காட்சியிலோ ஒரு பெண் சிரித்த முகத்தோடு நின்று, வரப்போகும் புயலின் பெயரைப் பிறந்த பிள்ளையின் பெயரைப்போல அறிவிப்பாள். மெழுகுதிரி கொளுத்தி, கேக் வெட்டி, வெளியே காற்று ஊளையிட உள்ளே இருப்பது எவ்வளவு இதம் என்று டேனிஷ்காரர் கதைப்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு விடிய ஆறரைக்குக் காரை எடுத்துக்கொண்டு, தனியே இருக்கும் வயோதிபர்களின் வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி மருந்து கொடுக்கிற வேலை. ஒரு நாளில் பதினொரு வாசல். பதினொரு தரம் சப்பாத்தைக் கழற்றி, பதினொரு தரம் அதே ஈரத்துக்குள் காலை விட வேண்டும். சீ என்று போய்விடும்.

கணவர் காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். நான் காற்றைத் திட்டும்போதெல்லாம், "சும்மா திட்டாதையும். இந்தக் காத்துத்தான் எங்களுக்குச் சோறு போடுது," என்பார். உண்மையான புயல் வந்தால் அந்த ஆலைகளைத் திருப்பி நிறுத்திவிடுவார்கள் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வயல் நடுவே அவை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். சோறு போடுகிறவர் லீவு எடுத்துவிட்டார் என்று நான் நக்கலடிப்பேன். அந்த மாதத்தில் நான் பகிடி விட்டது அவ்வளவுதான்.

என் அக்கா புரொண்பியில் இருக்கிறாள். கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில், எங்களிடமிருந்து மூன்று மணி நேர ஓட்டம். இடையில் கடல். கடலுக்கு மேலே, தீவையும் தீவையும் இணைக்கிற அந்த நீளமான பாலம். காற்று அளவு மிஞ்சினால் பாலத்தைப் பூட்டுவார்கள். பூட்டினால் நாடே இரண்டாகிவிடும். அந்த மாதம் எங்களுடைய தமிழ் ஆட்கள் தொலைபேசியில் முதலில் விசாரித்தது சுகத்தை அல்ல, பாலத்தைத்தான்.

புதுவருடம் பிறந்து மூன்றாம் நாள் அக்கா அழைத்தாள். மார்பில் ஒரு கட்டி, மார்கழியிலேயே ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், அடுத்த கிழமை முடிவு சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்றாள். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எங்களுடைய ஆட்கள் நோய் வருத்தத்தை மறைப்பதில் வலு கெட்டிக்காரர். கோயிலில் தெரியக்கூடாது, கடையில் தெரியக்கூடாது, பெற்ற பிள்ளைக்கே தெரியக்கூடாது. அத்தான் இறந்து ஆறு வருடம். வீட்டில் இருக்கிறது ஒரேயொரு மகள், கடைசி வருடம் படிக்கிறாள்.

"பிள்ளைக்குச் சொல்லேல்லை," என்றாள் அக்கா. "நீ வந்து எனக்குப் பக்கத்தில இரு. டொக்டர் சொல்லுறதை நீ தமிழில சொல்லு. பிள்ளையின்ரை வாயால நான் அதைக் கேக்கமாட்டன்."

அக்காவின் டேனிஷ் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும். டொக்டருக்குப் போதாது. நான் வேலையிலேயே கற்றுத் தேறியவள். "வாறன் அக்கா," என்றேன். அவள் என்னிடம் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

முதலில் குறித்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு மெய்யாகவே பாலம் பூட்டி. ரயிலும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு மரம் முறிந்து பக்கத்து வீட்டுக் கராஜுக்கு மேலே கிடந்தது. "போனை ஸ்பீக்கரில போடு, நான் இங்கையிருந்து சொல்லுறன்," என்றேன். அவள் கேட்கவில்லை. "போனில வேண்டாம். நீ வந்தாப்பிறகு போவம்," என்றாள். நானே ஆசுப்பத்திரிக்குப் போன் எடுத்து, அடுத்த கிழமை வியாழக்கிழமைக்கு மாற்றினேன். உள்ளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அக்கா எனக்காக ஒன்பது நாள் காத்திருந்தாள்.

அந்த ஒன்பது நாளும் காற்று ஓயவில்லை. பூஞ்சணம் குளியலறையிலிருந்து படுக்கையறைச் சுவருக்கு வந்தது. நான் அதை வினாகிரி போட்டுத் தேய்ப்பேன், இரண்டு நாளில் திரும்ப வரும். என்னுடைய வயோதிபர் ஒருவர் ஒவ்வொரு காலையும் ஜன்னலைக் காட்டி, இன்றைக்கு நல்ல காற்று என்பார். அவருடைய சவர நுரையைக் கழுவிக்கொண்டே, இந்த நாட்டின் வானத்தையும் அதைப் புகழ்கிற வாயையும் மனதுக்குள் தூஷணத்தால் அர்ச்சித்தேன். இரவில் படுத்தால் டொக்டரின் வாய் அசைவதும், அக்கா என் முகத்தைப் பார்ப்பதும் வரும். டொக்டருக்கும் அவளுக்கும் நடுவில் அந்தச் சொல் முதலில் என்னிடம்தான் வரும். அதைத் தமிழாக்கி அவள் மடியில் போடுகிறவள் நான்.

வியாழக்கிழமை விடிய எழும்பித் தொலைபேசியைப் பார்த்தேன். இரவு பூட்டியிருந்த பாலத்தை ஆறு மணிக்குத் திறந்திருந்தார்கள். லீவு எடுத்திருந்தேன். காருக்கு எண்ணெய் அடித்திருந்தேன். கணவர் இரவு வேலை முடிந்து வந்து தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுப் படுக்கப் போனார். நான் ஜாக்கெட்டைப் போட்டேன். அது உள்ளே இன்னும் ஈரம். கழுத்தில் அந்த ஈரம் பட்டதும் எனக்கு எல்லாமே வெறுத்துப்போனது. காற்றுக்குப் பயமில்லை எனக்கு. டொக்டரின் அந்த அறைக்குப் பயம். ஜாக்கெட்டோடு கதிரையில் இருந்துகொண்டு அக்காவுக்கு எடுத்தேன்.

"பாலம் பூட்டிப்போட்டாங்கள் அக்கா."

"ஓம் ஓம். உந்தக் காத்துக்கை வெளிக்கிடாதை," என்றாள். "நான் பாத்துக்கொள்ளுறன்."

இன்னொரு நாள் மாற்றுவோமா என்று கேட்டேன். இனிமேல் தன்னால் தாங்க ஏலாது என்றாள். ஜாக்கெட்டைக் கழற்றித் திரும்பக் கயிற்றில் போட்டேன். எடுத்த லீவுக்கு அன்று பகல் முழுவதும் சுவரைத் தேய்த்தேன்.

இங்கே நான் விட்ட பிழை எங்களுடைய ஆட்களில் ஒருத்தி விட்டிருக்கவே கூடாத பிழை. புரொண்பியில் ஒரு தமிழ்க் கடை இருக்கிறது. வியாழக்கிழமைதோறும் அந்தக் கடையின் வான், முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் மீனும் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி எங்கள் யூலாந்துப் பக்கம் வரும். பின்னேரம் பிராண்டேயில் ஒரு கார்த் தரிப்பிடத்தில் நிற்கும், நாங்கள் போய் வாங்குவோம். மரக்கறி மட்டுமா வரும்? அங்கே இருக்கிறவர் இங்கே இருக்கிறவருக்குக் கொடுத்துவிடுகிற எல்லாமே அதில்தான் வரும். இது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அன்று காலை அது என் புத்தியில் ஏறவில்லை.

நாலு மணிக்கு, இருட்டிவிட்ட நேரத்தில், வான்காரத் தம்பி அழைத்தார். "அக்கா, உங்களுக்கொரு பார்சல் கிடக்கு."

போனேன். காற்று வானின் கதவை இழுத்து இழுத்து அடித்தது. ஒரு பிளாஸ்டிக் பையைத் தந்தார். உள்ளே ஐஸ்கிறீம் பெட்டியில் ஆட்டிறைச்சிக் கறி. அதற்குக் கீழே, உள்ளே கம்பளி வைத்த ஒரு சோடி வீட்டுச் செருப்பு, என் அளவில். போன முறை போயிருந்தபோது அக்காவின் வீட்டு நிலம் குளிர்கிறது என்று நான் முறைப்பட்டிருந்தேன்.

"காலமை ஏத்தேக்கை கொண்டந்து தந்தவா," என்றார் அவர். "பாலம் திறந்திருக்கோ எண்டு கேட்டவா. ஆறு மணிக்கே திறந்திட்டாங்கள் அக்கா எண்டனான். அப்ப இதைத் தங்கச்சியிட்டைக் குடு தம்பி எண்டவா."

அவருக்கு ஒன்றும் தெரியாது. முருங்கைக்காய் நல்லாயிருக்கு, எடுங்கோ என்றார். எடுத்தேன் என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து கறியைச் சூடாக்கிக் கணவருக்குக் கொடுத்தேன். நான் தொடவில்லை. கறியில் ஒரு குறையும் இல்லை.

இரவு அக்கா அழைத்துச் சொன்னாள். புற்றுநோய்தான். வெட்டி எடுப்பார்கள், பிறகு மருந்து ஏற்றுவார்கள். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டு போயிருக்கிறாள். பாலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. "கறி வந்ததோ?" என்று மட்டும் கேட்டாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசினால் அழுதிருப்பேன், அழுதால் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்த உதவியை அவள் எனக்குச் செய்யவில்லை. மாதா கோயில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை. சாமியார் மாதத்தில் ஒரு முறை எங்களுடைய ஆட்களின் வீட்டில்தான் சாப்பிடுவார், அவருக்கு முன்னால் பிறகு எப்படிப் பப்படம் வைப்பது?

மாதம் முடிகிற சனிக்கிழமை காற்று விழுந்தது. ஒரு மாதம் ஆடிய ஆட்டத்துக்குக் கடல் மன்னிப்புக் கேட்கும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். பாலத்திலிருந்து பார்த்தபோது அது அழுக்குத் தண்ணீராகத்தான் கிடந்தது. செருப்பைப் பையில் கொண்டுபோய் அக்காவின் வாசலில் வைத்துக் காலில் போட்டேன். அவள் என் காலைப் பார்த்தாள்.

"அளவோ?"

"ஓம்."

அக்காவின் மகள் அறைக்குள் இருந்தாள். போய்ப் பக்கத்தில் இருந்தேன். தமிழில் கேட்டதற்கு டேனிஷில் பதில் சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல். அந்தச் சொல்லை அம்மாவிடம் நான்தான் சொன்னேன், சின்னம்மா, நீங்கள் ஏன் வரவில்லை என்று சண்டை பிடிக்கவில்லை. அம்மா அழவில்லை, டொக்டருக்கு நன்றி சொல்லச் சொன்னா, அதையும் நான்தான் சொன்னேன், அவ்வளவுதான் என்றாள். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

பின்னேரம் கோயில் ஆட்கள் செபமாலை சொல்ல வந்தார்கள். வருத்தம் இப்போது ஊருக்கே தெரியும். வான்காரத் தம்பியும் மனைவியோடு வந்திருந்தார். செபம் முடிந்து தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுக்கிறபோது, ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டா:

"அண்டைக்குச் சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனீராம். ஏன், தங்கச்சி வரேல்லையோ?"

அக்கா ரோல்ஸ் தட்டை அந்த அம்மாவுக்கு முன்னால் நீட்டினாள்.

"அவள் எப்பிடி வாறது? அண்டைக்குப் பாலம் பூட்டி எல்லே."

வான்காரத் தம்பி தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மா, "ஓமோம், இந்த மாதம் உந்தக் காத்து படுத்தின பாடு," என்றபடி என்னிடம் திரும்பினா, நானும் ஏதாவது சொல்ல வேண்டுமென்று.

அக்கா வாங்கித் தந்த செருப்போடு நின்று, ஓம் என்று தலையாட்டினேன்.