என் நெற்றி மறுபடி தரையைத் தொட்ட நாள்

மூளைக்குள் கட்டி என்று டாக்டர் சொன்னபோது பயந்தேன். ஆனால் மனம் உடைந்து போனது அதை எடுத்த பிறகுதான்.

கொழும்பில் என் பின்மண்டையைத் திறந்து கட்டியை அகற்றினார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பே என் ஊர் கிண்ணியாவுக்குத் திரும்பிவிட்டேன். அல்லாஹ் உயிரைத் தந்தான். ஆனால் கால் தரையில் நிற்கவில்லை. காற்றடிக்கும்போதும் தோணியில் நின்று வலை இழுத்தவன் நான். சொந்த வீட்டுக் குசினிக்குச் சோறு எடுக்கப் போகவும் சுவரைப் பிடித்தேன். குனிந்தால் அறையே சுற்றியது. பள்ளிவாசலில் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து தொழுதேன். எல்லோருடைய நெற்றியும் சுஜூதில் தரையைத் தொட, என் தலை மட்டும் மேலே நிற்கும். அந்தத் துக்கத்தைச் சொல்லி முடியாது.

கிளினிக்கில் என்னைப் பாரிசவாதம் வந்தவர்களின் உடற்பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். பந்தைப் பிசையச் சொன்னார்கள். வலை இழுத்த கைக்குப் பந்தா வேலை? பிசைந்தேன். வீட்டுக்கு வந்து அதேபோல் நிலைதடுமாறி விழுந்தேன். கொஞ்ச நாளில் போவதையே நிறுத்திவிட்டேன்.

அவர்கள் மேல் பிழை இல்லை. கிளினிக்கில் யார் சுகம் விசாரித்தாலும் "அல்ஹம்துலில்லாஹ், நல்ல சுகம்" என்பேன். இறைவனைப் புகழும் அந்தச் சொல்தானே நம் வாய்க்கு வரும்? வருத்தத்தைச் சொன்னால் படைத்தவனைக் குறை சொன்னதாகிவிடும் என்று நினைத்திருந்தேன்.

கதிரையில் இருந்தபடியே அழுது துஆ கேட்டேன். யா அல்லாஹ், கடல் வேண்டாம், தோணி வேண்டாம், ஒரே ஒருதரம் என் நெற்றியைத் தரையில் வைக்க விடு.

அடுத்த கிளினிக்கில், திருகோணமலை நகரத்தில், புதிதாக ஒரு ஃபிசியோதெரபி மிஸ் இருந்தார். பெயர் சுகந்தி. எப்படி இருக்கிறீர்கள் என்றார். வழக்கமான பதிலைச் சொன்னேன். என் ஃபைலைப் பார்த்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார், பிறகு அண்ணன் முறையில் கூப்பிட்டுக் கேட்டார்.

"நானா, சுகம் எண்டது சரி. வீட்டில என்ன செய்ய ஏலாமக் கிடக்கு?"

பக்கத்தில் நின்ற மனைவி பரீதா முந்திக்கொண்டாள்.

"இவருக்குச் சுஜூது செய்ய ஏலாது மிஸ். அடிக்கடி விழுறார். ஒருத்தருக்கும் சொல்லவும் விடுறாரில்ல."

"உங்களுக்குப் பலம் குறையேல்ல நானா. சமநிலைதான் போயிட்டுது. அந்த வகுப்பு உங்களுக்குச் சரிவராது."

குனிவதால் ஆபத்தில்லை என்று டாக்டரிடம் உறுதிசெய்துகொண்டு, சமநிலைப் பயிற்சி தரும் பிரிவுக்கு என்னை மாற்றினார். அங்கே கண்ணையும் கழுத்தையும் மெல்ல மெல்லப் பழக்கினார்கள். வீட்டில் பரீதா தலையணைகளை அடுக்குவாள், நான் நெற்றியை அதில் வைப்பேன். பழகப் பழக ஒவ்வொன்றாக எடுத்தாள்.

நோன்பு மாதத்தில் ஒரு நண்பகல், லுஹர் தொழுகை. கதிரையை ஒதுக்கிவிட்டு வரிசையில் நின்றேன். நெற்றி பாயைத் தொட்டது. எல்லோரும் எழுந்தும் எனக்கு எழும்ப மனம் வரவில்லை. ஸலாம் கொடுத்ததும் பக்கத்திலிருந்தவர் என் தோளைப் பிடித்தார்.

"விழுந்திட்டீங்களோ எண்டு பயந்திட்டன் மச்சான்."

இல்லை என்று தலையாட்டினேன். அழுகைதான் வந்தது.

இன்னும் கடலுக்குப் போகவில்லை. ஸ்கேனுக்குப் போகும் நாளில் கட்டி மறுபடி வந்திருக்குமோ என்ற பயம் இருக்கத்தான் செய்கிறது. களைத்த நாளில் அதே கதிரையில் தொழுகிறேன். இப்போது அதில் வெட்கமில்லை.

சகோதரர்களே, சகோதரிகளே, நம்பி அல்லாஹ்விடம் கேளுங்கள். என் துஆவுக்குப் பதில் ஒரு மிஸ்ஸின் கேள்வியாக வந்தது. உங்களிடமும் யாராவது சுகம் கேட்டால், முதலில் அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள். பிறகு எங்கே விழுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.