உப்புத் தண்ணியில் வந்த பல்

கிண்ணியாவில் உம்மா தன் வளவை இரண்டாகப் பிரித்து மகள்மார் இருவருக்கும் வீடு கட்டிக் கொடுத்தபோது, ரோட்டுப் பக்கம் இளையவள் சப்ரினாவுக்குப் போனது. மூத்தவள் லைலாவுக்குக் கிணற்றுப் பக்கம். லைலா வீட்டில் மெஷின் போட்டு அபாயா தைக்கிறவள். துணி கொண்டுவரும் பெண்கள் தங்கச்சியின் வாசலைத் தாண்டித்தான் வரவேண்டும். அங்கே நின்று கதைத்து, அவளுடைய தேத்தண்ணியையும் குடித்துவிட்டு, மிச்ச நேரத்தைத்தான் லைலாவிடம் கொண்டுவருவார்கள். லைலா இதை யாரிடமும் சொன்னதில்லை. மறந்ததுமில்லை.

பல் விஷயத்திலும் இளையவளே முந்தினாள். லைலா மேல் முன்பல்லைச் சொத்தைக்குப் பறிகொடுத்து, கழற்றிப் போடுகிற பல்லோடு வருஷக்கணக்காகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். சோறு தின்னும்போது அதைக் கழற்றிக் கோப்பைக்குள் போடவேண்டும். சப்ரினாவோ ஸ்கூட்டியில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டாள். திருகோணமலை டவுனுக்குப் பல மாதம் போய்வந்து, கடைசியில் தாடை எலும்பிலேயே திருகி வைத்த பல்லோடு திரும்பினாள். வந்தவள் வேலிப் படலையடியில் நின்று கொய்யாக்காய் கடித்தாள். அந்தச் சத்தம் மெஷினையும் மிஞ்சிக் கேட்டதென்று லைலா புருஷனிடம் முறையிட்டாள். லொறி ஓட்டுகிற கலீலுர் றஹ்மான், கொய்யாக்காய் என்றால் அப்படித்தான் கேட்கும் என்றார்.

அடுத்த மாதமே லைலாவும் அதே பல் டொக்டரிடம் போனாள். டொக்டர் கீர்த்தனி மாதிரிக்கு, எலும்பில் திருகும் சாம்பல் நிற ஆணி ஒன்றைக் காட்டியதும் இவளுக்கு முகம் சுண்டிவிட்டது. தங்கச்சிக்கு மினுங்குகிற ஆணியைப் போட்டுவிட்டுத் தனக்குச் சாம்பல் பிடித்ததைப் போடப் பார்க்கிறார்களோ?

மினுங்கினால் எலும்பு வழுக்கும் என்று கீர்த்தனி விளங்கப்படுத்தினாள். சுவர் பூசும் மேசன்மார் முதற்பூச்சைக் கீறிவிட்டால்தானே அடுத்த பூச்சு நிற்கும்? அதுபோல இந்த டைட்டேனியம் ஆணிக்கும் கடினமான தூளை வேகமாக அடித்து, பிறகு அசிட்டில் தோய்த்து, கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்குகிறார்கள். எலும்பு அந்தக் குழிகளுக்குள் வளர்ந்து இறுக்கிக்கொள்ளும். சப்ரினாவுடையதும் அப்படித்தான். லைலாவுக்குப் போடப்போவது இன்னும் புது விதம்: காற்றுப் படாமல் உப்புத் தண்ணிக்குள்ளேயே வைத்து வருவது, இரத்தம் அதில் உடனே ஒட்டும், எலும்பும் சற்று வெள்ளனப் பிடிக்கும். ஆனால் மேலே வைக்கும் தற்காலிகப் பல் பார்வைக்கு மட்டுந்தான். தான் பார்த்துச் சொல்லும்வரை அதால் எதையும் கடிக்கக் கூடாது.

லைலாவின் மனதில் உப்புத் தண்ணி தங்கியது. கடிக்கக் கூடாது என்றது தங்கவில்லை.

“உன்டது காஞ்ச சாமான்,” என்று வேலிக்கு மேலால் தங்கச்சிக்குச் சொன்னாள். “என்டது தண்ணிக்குள்ள வந்தது. வெள்ளனப் பிடிச்சிடுமாம்.”

வாழ்க்கையில் ஒன்றாவது தன்னுடையது மேலாக இருக்கவேண்டும் என்பதுதான் அவள் கேட்டதெல்லாம். இந்தப் பல் பிடித்துவிட்டால் போதும்.

ஆணி போட்டு ஒரு மாதமும் ஆகுமுன், மூன்றாம் கிழமை, மாமி மகள் பஸ்னாவின் கலியாணம். பெண்கள் பக்கத்தில் ஆறு பேருக்கு ஒரு சஹன். ஒரே பெரிய தட்டு, அவரவர் தன் பக்கத்தில் எடுத்துத் தின்பது. அக்காவும் தங்கச்சியும் ஒரே சஹனில் இருந்தார்கள். நடுவிலிருந்த நெஞ்செலும்பை சப்ரினா எடுத்துக் கடித்தாள். பிறகு எலும்பில்லாத இறைச்சியாகப் பொறுக்கி அக்காவின் பக்கம் தள்ளிவிட்டாள்.

“ராத்தா, நீங்க மெதுவானதத் தின்னுங்க. உங்கட பல்லு இன்னும் பச்சப்புள்ள.”

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். லைலாவும் சிரித்தாள். சிரித்தபடியே இன்னொரு நெஞ்செலும்பை எடுத்து, எல்லாரும் பார்க்க முன்பல்லால் கடித்து இழுத்தாள். உள்ளே ஏதோ அசைந்தது. வலிக்கவில்லை என்பதால் அசையவில்லை என்று வைத்துக்கொண்டாள்.

நாக்கை ஏமாற்ற முடியவில்லை. அதற்கு ஆட்டம் தெரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் டவுனுக்குப் புறப்பட்டபோது கலீலுர் றஹ்மான் லொறியோடு கொழும்பில்; துணைக்கு வந்தது சப்ரினாதான். அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு லைலா தனியே உள்ளே போனாள்.

கீர்த்தனி ஆணியைக் கிட்டத்தட்ட விரலாலேயே திருகிக் கழற்றிவிட்டாள். துணியில் வைத்துக் காட்டினாள். ஒரு துணுக்கு எலும்பும் அதில் ஒட்டியிருக்கவில்லை.

“எலும்பு பிடிக்கிற நேரத்தில ஆட்டிப்போட்டீங்கள், அன்ரி. ஆடினா எலும்பு வராது, சவ்வுதான் வளரும். எந்த விதமெண்டாலும் அப்பிடித்தான்.”

காயம் ஆறட்டும், எலும்பு இடங்கொடுத்தால் அடுத்த முறை கொஞ்சம் தடித்த ஆணியாகப் போடலாம் என்றும் சொன்னாள். இது தங்கச்சிக்குத் தெரியவேண்டுமா என்று மட்டும் லைலா கேட்டாள். அது தன் வேலையில்லை என்றாள் கீர்த்தனி.

வெளியே சப்ரினா கதிரையை விட்டு எழுந்தாள். “என்ன சொன்னாங்க ராத்தா? கழண்டிட்டா?”

லைலா வாயிலிருந்த பஞ்சைக் கன்னப்பக்கம் ஒதுக்கினாள்.

“எனக்கு அந்த அளவு காணாதாம். பெரிசு போடப்போறாங்களாம்.”

திரும்பும் பஸ் சீனன்குடாவைத் தாண்டியது. சப்ரினாவின் நாக்கு மேலுதட்டுக்குள் தன் பல்லைத் தடவிக்கொண்டிருப்பது வெளியே தெரிந்தது.

“அப்ப எனக்கு மட்டும் ஏன் சின்னதப் போட்டவங்க?” என்றாள்.

லைலா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆணி போன இடத்தில் பல் முரசு விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் அதைத் தாங்க ஏலாத வலியென்று சொல்வதற்கில்லை.