மகள் வந்து சேர்வதற்குள் பைத்தான்

காலை பத்து நாற்பதுக்கு மகளிடமிருந்து போன் வந்தது. மலைப்பாதையில் பர்லியாறு தாண்டி மண் சரிந்து பேருந்து நின்றுவிட்டது என்றாள். மூன்று மணிக்கு அவளுக்கு வேலைக்கான தேர்வு. ஆன்லைனில் கம்ப்யூட்டர் திரையைப் பகிர்ந்து, கம்பெனிக்காரர்கள் பார்க்கப் பார்க்கப் பைத்தானில் நிரல் எழுத வேண்டும். கோவை விடுதியில் அவளுடைய லேப்டாப் முந்தின நாள் கெட்டுவிட்டது. மலை மேல் ஜெகதளாவில் எங்கள் வீட்டிலிருக்கும் பழைய லேப்டாப்பை நம்பித்தான் கிளம்பியிருந்தாள்.

"நான் வந்து எல்லாம் பண்ண நேரம் இருக்காதும்மா. நீங்களே போட்டு வெச்சிருங்க. சிக்னல் இருக்கறப்பவே சொல்லீர்றேன், கேட்டுக்கோங்க."

தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் பில் போடுகிறவள் நான். கம்ப்யூட்டர் புதிதல்ல, ஆனால் நிரல் எழுதும் எடிட்டரைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. அவள் வரிசையாகச் சொன்னாள்: முதலில் பைத்தான், பிறகு எடிட்டர், அதற்குள் பைத்தான் எக்ஸ்டென்ஷன். அந்த எக்ஸ்டென்ஷன் இருந்தால்தான் எடிட்டர் தப்புக்கு அடியில் கோடு போடும், நிரலை ஓட்டிக் காட்டும்.

"அதே மாதிரி பேர்ல நெறைய இருக்கும். பேருக்குப் பக்கத்துல நீல டிக் இருக்கறதப் பாத்துப் போடுங்க. அப்பறம் அதுலயே இருக்கற என்னோட பயிற்சி ஃபோல்டரத் தொறந்து..."

அத்துடன் சிக்னல் போய்விட்டது.

டிவியில் மண்சரிவுச் செய்தியைத் தேடிக்கொண்டிருந்த கணவர் திரும்பிப் பார்த்தார். "ஏனம்மிணி, பேங்குல இருந்து போன் வந்தாலே ஏமாத்தறாங்கன்னு தூக்கி மெத்தைக்கடியில வெக்கற ஆளு நீ. உன்னையப் போயி இதெல்லாம் பண்ணச் சொல்றாளா?"

"பண்ணாம? நீங்க பண்றீங்களா?"

அவர் டிவியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மழையில் இன்டர்நெட் இழுத்து இழுத்து வந்தது. மூன்றையும் இறக்கி முடித்து அவளுடைய ஃபோல்டரைத் திறந்தேன். உடனே ஒரு கேள்வி வந்தது: இதிலுள்ள கோப்புகளை எழுதியவரை நம்புகிறீர்களா? கணவர் சொன்னது பொய்யில்லை. தெரியாமல் எதற்கும் 'ஆம்' சொல்லக் கூடாது என்பது என் வழக்கம். 'இல்லை' என்று அழுத்தினேன்.

அதன்பின் ஒன்றும் நடக்கவில்லை. நிரலை ஓட்டும் முக்கோணப் பொத்தான் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது. எக்ஸ்டென்ஷனை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். லேப்டாப்பை அணைத்துத் திறந்தேன். மகளின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. அவள் எந்த வளைவில், எந்த மண்ணுக்கு அடியில் என்று மனம் ஓடத் தொடங்கியது. மலைப்பாதையில் என்னால் செய்ய ஒன்றுமில்லை, இந்த மேசையில் இருக்கிறது என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். திரையில் இருந்த ஒவ்வொரு சொல்லையும் மேலிருந்து கீழாகப் படிக்க ஆரம்பித்தேன்.

மேலே ஒரு பட்டை இருந்தது. கட்டுப்படுத்தப்பட்ட நிலை, பாதுகாப்பானது என்றது. காலையிலிருந்து அதைப் பார்த்து நான் நிம்மதி அடைந்திருந்தேன்! உள்ளே போய்ப் படித்தால், நம்பாத ஃபோல்டரில் எக்ஸ்டென்ஷன்கள் முழுதாக வேலை செய்யாது என்று எழுதியிருந்தது. அந்தக் கோப்புகளை எழுதியவள் என் மகள். நம்புகிறேன் என்பதை அழுத்தினேன். முக்கோணம் வந்தது. கீழ் மூலையில் எந்தப் பைத்தான் என்று கேட்டதற்கு, காலையில் போட்டதைக் காட்டினேன். அவளுடைய சின்ன நிரல் ஒன்று ஓடி, பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைக் கடகடவென்று இறக்கியது.

"ஏனுங்க, ஓடுதுங்க!" என்று கத்தினேன். "மொதல்ல புள்ள வரட்டும்" என்றார் அவர். மண்சரிவுச் செய்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இரண்டரை தாண்டி வாசலில் ஒரு காய்கறி வண்டி நின்றது. சரிந்த மண்ணை நடந்தே தாண்டி, அந்தப் பக்கம் வழியில்லாமல் மேலே திரும்பிய அந்த வண்டியில் ஏறி வந்திருக்கிறாள். கால் வைத்த இடத்தில் மண் இன்னும் நகர்ந்துகொண்டிருந்ததாம். அதைப் பிறகுதான் சொன்னாள். இன்றும் மழை வலுத்தால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. அன்று அவள் வந்ததும் முழங்கால் வரை சேற்றோடு நேராக லேப்டாப்பின் முன் உட்கார்ந்தாள். ஒரு வரி தட்டினாள், ஓட்டினாள். நான் துண்டோடு பின்னால் நின்றேன்.

"எல்லாம் செரியா இருக்குதும்மா. துண்ட அப்பறம் தாங்க, மொதல்ல வெளிய போயிக் கதவச் சாத்துங்க. நீங்க பக்கத்துல நின்னா எனக்கு எழுத வராது."