வாழைக்கன்று நின்ற இடம்

1. கேட்டுக்கு வெளியே

ஆயுத பூஜை விடுமுறையோடு ஒரு வாரம் லீவும் சேர்த்துச் சிதம்பரத்தில் மாமியார் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பிய காலை, ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே அஞ்சலை நின்றுகொண்டிருந்தாள். எங்கள் பேக்கிங் செக்‌ஷனில் கூட்டிப் பெருக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி. பக்கத்தில் குடிகாடுதான் ஊர். நெற்றியோரத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு, இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். மூட்டை அடுக்கும் ரோபோ முந்தின நாள் அவள் தலையை உரசிவிட்டுப் போயிருக்கிறது. பவுடரை அள்ளக் குனிந்திருந்ததால் பிழைத்தாள். நிமிர்ந்திருந்தால் இருபத்தைந்து கிலோ மூட்டையும் அதைப் பிடித்திருந்த இரும்பு விரல்களும் நேராக முகத்தில் இறங்கியிருக்கும்.

"ஓடுற மெஷினுக்குள்ள தலைய உட்டேன்னு எழுதிட்டாங்க சார். நான் எப்பவும் போற மாரிதான் போனேன். அது நிக்கல."

அவளுடைய மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்பு ஓடியது இந்த வேலையில்தான். விசாரித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி உள்ளே போனேன். எனக்கு முதலில் அவள்மீதுதான் சந்தேகம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த ரோபோ யாரையும் உரச வாய்ப்பே இல்லாதபடி நான்தான் அதற்குக் காவல் வைத்திருந்தேன்.

2. காவல்காரன்

நான் அப்போது இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் எங்கள் கெமிக்கல் ஃபேக்டரிக்கு ரோபோ வந்தது. கன்வேயரில் வரும் பவுடர் மூட்டையைத் தூக்கி, பக்கத்தில் இருக்கும் பேலட் என்கிற மரத்தட்டில் அடுக்கும். மூன்று பக்கமும் கம்பி வேலி. நான்காவது பக்கம், நிரம்பிய பேலட்டை ஃபோர்க்லிஃப்ட் வண்டி எடுத்துப்போகத் திறந்த வாசல். அந்த வாசலுக்குக் கதவு கிடையாது. கதவுக்குப் பதிலாகத்தான் லேசர் ஸ்கேனர்.

ரோபோவின் பீடத்தில், முழங்காலுக்குக் கீழே பொருத்தியிருந்தோம். காபித்தூள் டப்பா அளவுதான் இருக்கும். எல்லாரும் அதை டப்பா என்றே சொல்வார்கள். உள்ளே ஒரு கண்ணாடி சுற்றிக்கொண்டே இருக்கும். லேசரை விசிறி மாதிரி நாலாபக்கமும் வீசும். கண்ணுக்குத் தெரியாது, உடம்பையும் ஒன்றும் செய்யாது. எதிலாவது பட்டுத் திரும்பினால், திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடும். எந்த எல்லைக்குள் ஆள் வரக்கூடாது என்பதை லேப்டாப்பில் வரைந்து அதற்குள் ஏற்றிவிடவேண்டும். அந்த எல்லைக்கு ஃபீல்டு என்று பெயர். ஃபீல்டுக்குள் கால் பட்டால் சிவப்பு விளக்கு, ரோபோ அப்படியே நிற்கும். யாரும் இல்லையென்றால் பச்சை.

இந்த இடத்தில் எங்கள் ஆட்கள் ஒரு பழக்கத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். பவுடர் சிந்தினால் ஆபரேட்டரிடம் சொல்லி ரோபோவை நிறுத்தவேண்டும் என்பது விதி. ஆனால் காலை வைத்தாலே நின்றுவிடுகிறதே, யாரைப் போய்க் கேட்பது? அஞ்சலை துடைப்பத்தோடு வாசலில் நுழைவாள், ரோபோ நிற்கும், கூட்டிவிட்டு வெளியே வருவாள், அது மறுபடி ஓட ஆபரேட்டர் ரீசெட் அழுத்துவான். பஸ்ஸைக் கை காட்டி நிறுத்துகிற மாதிரி அவள் அதை நிறுத்திக்கொண்டிருந்தாள். மேனேஜர் முதல் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் வரைக்கும் இது எல்லாருக்கும் தெரியும்.

3. பூஜை போட்டதிலிருந்து

ஆபரேட்டர் குமார் தேவனாம்பட்டினத்துப் பையன். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். என்ன நடந்தது என்று கேட்டால், அவன் அஞ்சலை பேச்சையே எடுக்காமல் வேறொரு சந்தோஷத்தைச் சொன்னான்.

"பூஜை போட்டதுலேர்ந்து ரோபோ நிக்காம ஓடுது மாமா. முன்னல்லாம் ரீசெட் அழுத்தியே விரல் தேஞ்சிடும். இப்ப புரொடக்‌ஷன் ஜாஸ்தி."

செக்‌ஷன் முழுக்க இதே பேச்சுதான். இந்த வருஷம் பூஜை பலித்துவிட்டதாம். மேனேஜர் அடுத்த வருஷம் இதைவிடப் பெரிதாகச் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார். எனக்குச் சாமியோடு சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் நேற்றுவரை நின்றுகொண்டிருந்த மெஷின் திடீரென்று நிற்காமல் ஓடினால், இன்ஸ்ட்ருமென்ட்காரன் காரணத்தைத் தேடாமல் இருக்க முடியாது.

பூஜை எப்படிப் போட்டீர்கள் என்று துருவிக் கேட்டேன். ரோபோவுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. வாசலில் வேலியோரமாக, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. சிமென்ட் தரையில் எங்கே நடுவது? பேரலைப் பாதியாக வெட்டி, மணல் நிரப்பி, அதில் நட்டிருக்கிறார்கள். விஜயதசமி காலையில் நல்ல நேரத்தில் மெஷினை ஓட்டிவிடவேண்டும், சாஸ்திரத்துக்கு ஒரு மூட்டையாவது அடுக்கவேண்டும். டப்பாவுக்கு வாழைக்கன்றும் மனுஷனும் ஒன்றுதான். பேரல் ஃபீல்டுக்குள் இருக்கிறது, சிவப்பு எரிகிறது, ரோபோ நகரவில்லை. நல்ல நேரம் முடியப்போகிறது. மெஷின் ஓடுவதற்கு முன் வாழைக்கன்றை எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் பாஸ்கர் கெட்டிக்காரர். லேப்டாப்பைச் சொருகி, சுற்றிலும் இருப்பதைப் பார்த்து ஃபீல்டைத் தானே வரைந்துகொள் என்று டப்பாவுக்கே உத்தரவு கொடுத்திருக்கிறார். அந்த வசதி அதில் உண்டு. டப்பாவும் சுற்றிப் பார்த்து, இரண்டு பேரலையும் சுவராக எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு முன்னாலேயே ஃபீல்டை நிறுத்திவிட்டது. பச்சை எரிந்தது. ஒரு மூட்டை அடுக்கினார்கள், கை தட்டினார்கள், பொரி கொடுத்தார்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று பாஸ்கர் நினைத்திருக்கிறார். அன்று மத்தியானமே அவரை வேறு பிளான்ட்டில் ஷட்டவுன் பராமரிப்பு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் பேரல்களை எடுத்து வெளியே போட்டார்கள். ஃபீல்டை யாரும் மாற்றவில்லை.

4. கம்பு

அதனால் ஃபீல்டில் ஓட்டை விழுந்திருக்கிறது என்பது என் யூகம்தான். நிரூபிக்கவேண்டுமே. ஃபீல்டைச் சோதிக்க எங்களிடம் ஒரு கறுப்புக் கம்பு உண்டு. ஒரு மனுஷன் காலுக்குப் பதிலாக வைத்துப் பார்ப்பது. ஷிஃப்ட் தொடங்கும்போது வாசலில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அதைத் தரையில் ஊன்றிக்கொண்டே போகவேண்டும், வழி முழுக்கச் சிவப்பு எரியவேண்டும். நான் அப்படிப் போகும்போது, மாமா மாடு மேய்க்கக் கிளம்பிட்டாரு என்று பையன்கள் சிரிப்பார்கள். நான் லீவில் இருந்தபோது ஒருவரும் மேய்க்கவில்லை.

ரோபோவை நிறுத்தவைத்துவிட்டுக் கம்போடு போனேன். நடு வாசலில் சிவப்பு. வேலியோரம் வந்ததும் பச்சை. இன்னும் உள்ளே தள்ளினேன், பச்சை. பேரல் நின்ற இடத்தில், மணல் இன்னும் கொஞ்சம் கொட்டிக் கிடந்தது, அதன்மேலேயே கம்பை ஊன்றினேன். அப்போதும் பச்சை. எதிர்ப்பக்கமும் அப்படியே. ஒரு ஆள் தாராளமாக நுழையலாம். அஞ்சலை கூட்டுவதற்கு நுழைவதும் அந்த ஓரமாகத்தான். அவளைச் சந்தேகப்பட்டதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

மேனேஜர் வந்தார். சென்னைக்குப் போகவேண்டிய கன்டெய்னர் லாரி கேட்டில் நிற்கிறது, உடனே ஸ்டார்ட் பண்ணுங்கள் என்றார். ஃபீல்டில் ஓட்டை இருக்கிறது என்றேன். அதைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாமாம். கூட்டுகிற பொம்பளைக்கு மெஷினுக்குள் என்ன வேலை, அதுதான் ஆளை அனுப்பியாயிற்றே என்றார். கம்பை அவர் பக்கம் நீட்டினேன்.

"சார், இந்தக் கம்பு நின்ன எடத்துல நீங்க வந்து நில்லுங்க. வெளக்கு பச்சையாதான் எரியும். நான் ஸ்டார்ட் பண்றேன்."

அவர் விளக்கைப் பார்த்தார். பிறகு மேலே நின்ற ரோபோவின் கையைப் பார்த்தார். கோபக்காரர்தான், ஆனால் மடையர் அல்ல.

"பாஸ்கர லேப்டாப்போட வரச்சொல்லுங்க," என்றார்.

5. அஞ்சலை கேட்டது

ஃபீல்டைத் திருத்த அதிக நேரம் ஆகவில்லை. பாஸ்கர் முகம் செத்துப்போய் உட்கார்ந்து வரைந்தார். நான் மறுபடியும் கம்போடு நடந்தேன், வழி முழுக்கச் சிவப்பு. அஞ்சலைமேல் தப்பு என்று எழுதியதை மாற்றி எழுதினார்கள். அஞ்சலைக்குக் கேட் பாஸ் திரும்பக் கிடைத்தது. அடுத்த வருஷத்திலிருந்து வாழைக்கன்று வேலிக்கு வெளியேதான் என்று முடிவானது. எது மாறினாலும் கம்பை ஊன்றிப் பார்க்காமல் ரோபோவை ஓட்டக்கூடாது என்று போர்டு எழுதி மாட்டினேன். இந்த வேலையில் இருக்கிற பாடம் இவ்வளவுதான் என்று அப்போது நினைத்தேன்.

அஞ்சலை வேலைக்குத் திரும்பிய அன்று, வாசலில் நிற்கவைத்து அவளுக்கு விளக்கினேன். உன் மேல் தப்பில்லை, அந்த ஓரத்தில் டப்பாவுக்குக் கண் தெரியாமல் போய்விட்டது, நீ வந்ததை அது பார்க்கவில்லை என்றேன். குமாரும் பக்கத்தில் இருந்தான். அவனுடைய பேனலிலிருந்து பார்த்தால் வாசல் முழுக்கத் தெரியும்.

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அது பாக்கல, சரி சார். பூஜை முடிஞ்சதுலேர்ந்து தெனம் அது நின்னுருக்கும்னு நம்பி, ஓடிக்கிட்டு இருக்கறப்பவே உள்ள போயிட்டுப் போயிட்டு வந்தேனே, இவுங்க யாரும் பாக்கலையா?"

குமார் பேனலைப் பார்க்கப் போய்விட்டான். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, முதலில் அவனிடம் ரோபோவை நிறுத்தச் சொல்லிவிட்டு, அது நிற்கும்வரை வெளியே காத்திருந்தாள்.